பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஒரு விரிப்பு

சென்னியப்பனுக்குக் கடிதம் வந்த அன்றைக்குத்தான் அவர் தங்கியிருந்த மலை மடத்துக்கு விரிப்புகளும் வந்து சேர்ந்தன.

மலைக்குக் கீழே ஏதோ ஒரு ஓட்டலைப் புதுப்பிக்கிறார்களாம். பழைய கார்ப்பெட்டுகளையெல்லாம் சுருட்டி ஒரு டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டார் ஒரு பக்தர். வட்டம், சதுரம், நீள்வட்டம், நடைவழியில் போடுகிற நீளத் துண்டு என்று பதினான்கு உருப்படிகள். மழை தூறிக்கொண்டிருந்தது. மடத்துக்காரர்கள் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடி, கண்ட இடத்தில் விரித்தார்கள். ஜெபக்கூடத்தின் நடுவில் ஒரு சின்ன வட்டத்தைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்று அழகு பார்த்தார்கள். கை தவறி விழுந்த தோசை மாதிரி அது அங்கே கிடந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் போட்ட தடித்த விரிப்பு கதவைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டது. சமையல் செய்கிற பாப்பாத்தி உள்ளே மாட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தாள்.

வேறொரு நாளாக இருந்தால் சென்னியப்பன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்க மாட்டார். கோயமுத்தூரில் முப்பத்தோரு வருஷம் கார்ப்பெட் கடை வைத்திருந்தவர். எந்த அறைக்கு எந்த அளவு, எந்த வடிவம் என்பதைக் கரைத்துக் குடித்தவர். ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனால்கூட இலையில் என்ன விழுகிறது என்று பார்க்க மாட்டார். நாற்காலியைப் பின்னால் இழுத்தால் அதன் கால் விரிப்பை விட்டு இறங்குகிறதா என்றுதான் பார்ப்பார். இறங்கினால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அப்பேர்ப்பட்டவர் அன்று விறகுக் கொட்டகையில் உட்கார்ந்து, ஒரே கடிதத்தைப் பத்தாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி தெய்வானை எழுதியிருந்தாள். அவர் மலையேறி வந்த பதினான்கு மாதத்தில் அவள் எழுதிய முதல் கடிதம் அது.

"திருமூர்த்தி ரூம்ல நீங்க ஒட்டுன கார்ப்பெட்ட ஆள் வெச்சு உரிச்சு எடுத்துட்டேன். பசை போகலை, சொரண்ட வேண்டியதாப் போச்சு. இப்பத் தரை தெரியுது. அங்க ஒரு விரிப்புப் போடோணும். ரூம் பத்துக்குப் பன்னண்டு. என்ன அளவுன்னு உங்களுக்குத்தான் தெரியும். எழுதுங்க."

அவ்வளவுதான். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

திருமூர்த்தி அவர்களுடைய ஒரே பிள்ளை. இருபத்தாறு வயதில் அந்த அறையில் படுத்தான். இருபத்தெட்டில் அந்த அறையிலேயே போய்ச் சேர்ந்தான். வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலைத் திருப்பிக் கொடுத்த பிறகு, அதன் நான்கு காலும் நின்ற இடத்தில் நான்கு துருத் தடங்கள் தரையில் இருந்தன. ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்த கீறல் ஒன்று கதவு வரைக்கும் போயிற்று. தெய்வானை எத்தனையோ முறை துடைத்தாள். போகவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் சென்னியப்பன் கடையிலிருந்து சாம்பல் நிறக் கார்ப்பெட் ஒரு சுருள் கொண்டுவந்தார். ஆள் யாரையும் கூப்பிடவில்லை. தானே முட்டிபோட்டு, பசை தடவி, சுவருக்குச் சுவர் ஓர் இழை இடைவெளி இல்லாமல் ஒட்டினார். தெய்வானை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்து, "இனி ஒண்ணும் தெரியாது" என்றார் அவர். அவள் அந்த அறைக்குள் காலை வைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோறு வேண்டுமா, கதவைச் சாத்தியாயிற்றா என்பதற்கு மேல் பேச்சு இல்லை.

ஒரு மாதம் பொறுத்தார். பிறகு கடையை மைத்துனரிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு வாரத்தில் வந்துவிடுவதாகச் சொல்லி இங்கே வந்தார். வந்த புதிதில் தெய்வானை மடத்து ஆபீசுக்குப் போன் செய்வாள். தியானத்தில் இருக்கிறார் என்று சொல்லச் சொல்வார். அவர் எந்தத் தியானத்திலும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நாலைந்து தடவைக்குப் பிறகு போன் நின்றுவிட்டது.

இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாவிட்டால் இன்னொரு கடிதம் வராது. அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. என்ன எழுதுவது என்பதுதான் தெரியவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு என்ன அளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர், பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் எழுந்து அருளம்மையிடம் போனார்.

அருளம்மைதான் அந்த மடத்தின் தலைவி. முப்பத்தெட்டு வயது. அறுபத்திரண்டு வயது மனிதர் அவர் காலில் விழுவதைப் பார்த்து முதல் நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள் உண்டு. சென்னியப்பன் அதைச் சட்டை செய்யவில்லை. அருளம்மையும் மேடை போட்டு உபதேசம் செய்கிற ரகமில்லை. கேட்டால் பதில் சொல்வார். பாதி நேரம் அதுவும் கிடைக்காது.

அப்போது அவர் முற்றத்தில் நனைந்த விரிப்பு ஒன்றைக் கொடியில் போட முடியாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கோணுங்க."

"கேளுங்க ஐயா."

"ஒரு அறைக்கு எந்த விரிப்புச் சரின்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?"

அருளம்மை விரிப்பை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அதை நீங்க என்கிட்ட கேக்கறீங்க."

சென்னியப்பன் கடிதத்தை நீட்டினார். அருளம்மை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். விரிப்பைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். இங்கே வந்திருக்கிறதையெல்லாம் முதலில் அந்தந்த அறையில் சரியாகப் போடுங்கள், நானும் கூடவே வருகிறேன், பார்த்துக் கற்றுக்கொள்கிறேன் என்றார்.

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. மனம் நொந்து வந்தவனிடம் வீட்டு வேலை சொல்கிறாரே என்று இருந்தது. ஆனாலும் குரு வாக்கு. போய்த் தன் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துவந்தார். எல்லாவற்றையும் துறந்து இரண்டு வேட்டியோடு வந்த மனிதர், டேப்பை மட்டும் துறக்கவில்லை.

முதலில் ஜெபக்கூடம். அளந்தார். பதினெட்டுக்கு இருபத்து நான்கு. பழைய செய்தித்தாள்களைக் கொண்டுவரச் சொல்லி, தரையில் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் பரப்ப ஆரம்பித்தார்.

எதற்குப் பேப்பர் என்று அருளம்மை கேட்டார். கனமான விரிப்பை விரித்துவிட்டால் சரியில்லை என்று மறுபடி சுருட்ட இடுப்பு ஒடியும். பேப்பர் என்றால் காலால் தள்ளி அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பேப்பர் போட்டுக் காட்டிவிட்டுத்தான் விரிப்பை வண்டியிலிருந்து இறக்குவேன் என்று சொன்னார். சொல்லும்போதே குரலில் பழைய கடைக்காரர் எட்டிப்பார்த்தார். சுற்றிலும் சமமாக வெறுந்தரை விட்டு, நடுவில் பன்னிரண்டுக்குப் பதினெட்டு பேப்பர் பரப்பி முடித்தார். அந்த அளவில் இரண்டு விரிப்புகளைச் சேர்த்துப் போட்டால் கூடம் எடுப்பாக இருக்கும்.

அருளம்மை போய் மணியை அடித்தார்.

ஜெபத்துக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். முதுகு வலிக்காரர்கள் சுவரில் சாய்ந்துகொண்டார்கள். மூட்டு வலிக்காரர்கள் தூணைப் பிடித்துக்கொண்டு தூணருகிலேயே இறங்கினார்கள். பாப்பாத்தி, அடுப்பில் பால் இருக்கிறது என்று வாசலை விட்டு நகரவில்லை. நடுவில் பேப்பர் மட்டும் கிடந்தது. அதன் மேல் ஒருவர்கூட இல்லை.

சென்னியப்பன் முகத்தில் ஈயாடவில்லை.

"கடையில இருக்கும்போது எப்படி அளவு சொல்வீங்க?" என்று அருளம்மை மெதுவாகக் கேட்டார்.

"சோபா எங்க கெடக்குதுன்னு கேப்பனுங்க. அதோட முன்கால் ரெண்டுமாவது விரிப்பு மேல நிக்கோணும். இல்லாட்டி விரிப்பு அந்தரத்துல மிதக்கறாப்பல இருக்கும்."

"இங்க சோபா இல்லையே."

"இல்லீங்க."

மரச்சாமான் இல்லாத அறைக்கு அவர் இதுவரை விரிப்புப் போட்டதே இல்லை. கொஞ்ச நேரம் ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, பேப்பர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போய், உட்கார்ந்திருந்தவர்களின் முழங்காலுக்கு அடியில் செருகிப் பார்த்தார். மூன்று சுவரையும் ஒட்டி நீளநீளமாக வந்தது. நடுவில் வெறுந்தரையாக விட்டு ஓரத்தில் விரிப்புப் போட்டது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கடையில் யாராவது இப்படிப் போட்டிருந்தால் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பார்.

அருளம்மை, "அடுத்தது" என்றார்.

சாப்பாட்டுக் கூடத்தில் சிக்கல் இல்லை. கதவை மறித்த தடியனைத் தூக்கிவிட்டு, ஓட்டல் நடைவழியில் கிடந்த நீளத் துண்டுகளைப் பந்தி வரிசையாகப் போட்டார். சாம்பார் சிந்தினால் யார் துவைப்பது என்று பாப்பாத்தி சண்டைக்கு வந்தாள். ஆள் உட்காருவதற்குத்தான் விரிப்பு, இலை வெறுந்தரையில்தான் என்று சொல்லி அவளைச் சமாதானப்படுத்தினார். அவளே ஒரு துண்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றாள். சென்னியப்பனுக்கு நெடுநாளைக்குப் பிறகு கொஞ்சம் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு அடுத்த அறை வாசல் வரைக்கும்தான் இருந்தது.

அது குழந்தைவேலு என்கிற முதியவரின் அறை. எண்பதைத் தாண்டியவர், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு படுக்கையில் கிடந்தார். இரும்புக் கட்டில். மருந்து வாடை. சென்னியப்பன் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"அஞ்சுக்கு எட்டு போதுங்க" என்றார் வெளியிலிருந்தே.

"உள்ள வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க."

"வேண்டாமுங்க. கட்டில் இருக்கற ரூம்னா எல்லாத்துக்கும் ஒரே கணக்குத்தான். மூணுல ரெண்டு பங்கு கட்டிலுக்கு அடியில போகோணும். மிச்சம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கோணும். எந்திரிச்சுக் காலை வெச்சா மெத்துனு இருக்கோணும்."

அருளம்மை வற்புறுத்தவில்லை. அவர் சொன்ன கணக்குப்படி தானே பேப்பரைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் பரப்பினார். பிறகு குழந்தைவேலுவின் தோளைத் தாங்கி, "எங்க, எந்திரிச்சு நில்லுங்க பார்ப்போம்" என்றார். முதியவர் ஒரு காலை இறக்கினார். இன்னொரு கால் தானாக வராது. அதை இழுத்துத்தான் வைக்க வேண்டும். இழுத்தார். பாதத்தில் பேப்பர் மாட்டிச் சுருண்டுகொண்டது. ஆள் முன்பக்கமாகச் சாய்ந்தார்.

சென்னியப்பன் எப்போது உள்ளே ஓடினார் என்று அவருக்கே தெரியாது. முட்டிபோட்டு உட்கார்ந்து, முதியவரின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அந்தப் பாதம் சில்லென்று இருந்தது. அவர் அதை விடவில்லை.

குழந்தைவேலுவை மறுபடி படுக்கவைத்த பிறகும் சென்னியப்பன் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். கண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"என்ற பையன் காலு கடைசி ஏழு மாசம் தரையில படலீங்கம்மா."

அருளம்மை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கடையிலயே இருக்கறதுல ரொம்ப மெத்துனு இருக்கற விரிப்பு ஒண்ணைக் கொண்டாந்து கட்டிலுக்குப் பக்கத்துல போட்டனுங்க. இன்னைக்கு எந்திரிப்பான், நாளைக்கு எந்திரிப்பான்னு. தெனமும் காத்தால அதைச் சீவி விடுவனுங்க, படிஞ்சு போகாம இருக்கட்டும்னு. ஒரு காலும் அது மேல எறங்கலை. கடைசி வரைக்கும் அந்த விரிப்புப் புதுசாவே இருந்துதுங்க."

"அது இப்ப எங்க?"

"அவங்கூடவே அனுப்பிச்சுட்டனுங்க."

வெளியே மழை வலுத்தது. பிறகு சென்னியப்பன் சுருண்ட பேப்பரை எடுத்து மடித்தார். இந்த அறைக்கு விரிப்பே வேண்டாம், தடுக்கி விழுந்துவிடுவார் என்றார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது.

மழை விட்டதும் மற்ற விரிப்புகளையும் போட்டு முடித்தார்கள். விருந்தினர் அறையில் ஒன்று, ஆபீசில் ஒன்று. வட்டமானது எங்கேயும் பொருந்தாமல், கடைசியில் பாப்பாத்தி கீரை ஆய உட்காருகிற மூலைக்குப் போயிற்று.

முடிந்ததும் சென்னியப்பன் மறுபடி கடிதத்தை எடுத்தார்.

"அப்ப இந்த ரூமுக்கும் விரிப்பு வேண்டாம்னு எழுதிடட்டுங்களா?"

"அந்த ரூம்ல இப்ப யார் இருக்காங்க?" என்றார் அருளம்மை.

"ஒருத்தரும் இல்லீங்க."

"கடிதத்துல அப்படிப் போட்டிருக்கா?"

சென்னியப்பன் பிரித்துப் பார்த்தார். இருக்கிறது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அறையின் நீள அகலத்தை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டு, பையன் போன அறை காலியாகத்தான் இருக்கும் என்று அவரே முடிவு கட்டியிருந்தார்.

"போன் ஆபீஸ்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு அருளம்மை போய்விட்டார்.

வீட்டு நம்பரைச் சுழற்ற அவருக்கு வெகுநேரம் பிடித்தது. மணி ஏழு தடவை அடித்த பிறகு தெய்வானை எடுத்தாள்.

"நாந்தான்" என்றார்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் தாளிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அடுப்பை அணைத்தாள்.

"கடுதாசி வந்துதுங்களா?"

"வந்துது. அந்த ரூம்ல யாரு இருக்கறாங்க?"

"நாந்தான் படுத்துக்கறேன்."

"எப்ப இருந்து?"

"கார்ப்பெட்ட உரிச்ச அன்னைல இருந்து. கட்டில் கால் தடம் நாலும் அப்படியே இருக்குது. அதுக்கு நடுவுல படுத்துக்கறேன்."

சென்னியப்பன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"தரை சில்லுங்குது. பாய் போட்டுப் பாத்தேன், இடுப்பு புடிச்சுக்குது. அதுக்குத்தான் அளவு கேட்டேன்" என்றாள் அவள்.

எவ்வளவோ சொல்லத் தோன்றியது அவருக்கு. வெறுந்தரையில் நீ தனியாகப் படுத்திருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் வாயில் வந்தது, "பாத்து எழுதறேன்" என்பதுதான். சரிங்க என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் சென்னியப்பன் காலை ஜெபத்துக்கு வரவில்லை. சாமான் அறையைக் காலி செய்து, சாக்பீஸால் தரையில் பத்துக்குப் பன்னிரண்டு கோடு போட்டார். கதவு இங்கே, ஜன்னல் இங்கே, சுவர் அலமாரி இங்கே. கட்டில் கால்கள் நின்ற இடங்களைக் குறிக்க அவருக்கு டேப் தேவைப்படவில்லை. நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம்.

அவற்றின் நடுவில் பேப்பரைப் பரப்ப ஆரம்பித்தார். தெய்வானை ஐந்தடிக்கு ஓர் அங்குலம் கூட. இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுப்பாள். எழுந்திருக்கும்போது முதலில் வலது உள்ளங்கையைத் தரையில் ஊன்றுவாள், அப்புறம்தான் கால். அந்தக் கை ஊன்றுகிற இடத்திலும் விரிப்பு இருக்க வேண்டும். ஜன்னல் காற்று அவளுக்கு ஆகாது. தலைமாடு கதவுப் பக்கம் வர வேண்டும். இத்தனையும் தனக்குத் தெரிந்திருப்பதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. பையன் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவர் அவளைப் பற்றி நினைத்ததே இல்லை. அதை நினைத்ததும் வெட்கமாக இருந்தது. பேப்பரின் மேல் கையை வைத்தபடி சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருந்தார். அந்த நான்கு தடங்களையும் விரிப்பு மூடக்கூடாது. மூன்று தடவை அளவைக் கூட்டிப் பார்த்தார், மூன்று தடவையும் ஏதாவது ஒரு மூலை தடத்தின் மேல் ஏறியது. காலால் தள்ளிக் குறைத்தார். கடைசியில் இரண்டேமுக்காலுக்கு ஆறு என்று வந்தது. நீள்சதுரம். நான்கு தடமும் வெளியே தெரிந்தன.

கடிதம் இரண்டு பக்கம் வந்தது. அளவை எழுதினார், வடிவத்தை எழுதினார். அரை அங்குலத்துக்கு மேல் தடிமன் வேண்டாம், கால் தடுக்கும். அடியில் ரப்பர் வேண்டாம், மிச்சமிருக்கும் பசையில் ஒட்டிக்கொள்ளும். ஓரம் தைத்ததாகப் பார்த்து வாங்கு. எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி விரிக்க வேண்டும் என்று படமும் போட்டார். மைத்துனரின் கடையில் எந்த அலமாரியில் அப்படிப்பட்டது இருக்கும் என்பது வரைக்கும் எழுதினார். அவர் அப்படி மனம் ஒன்றி வேலை பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது.

தபாலை மலைக்குக் கீழே கொண்டுபோகிற பால் வண்டி நாலு மணிக்கு வரும். மூன்றரைக்கு அவர் அருளம்மையைச் சாமான் அறைக்குக் கூட்டிவந்தார்.

அருளம்மை கடிதத்தை முழுக்கப் படித்தார். பிறகு சாக்பீஸ் கோட்டுக்குள் வந்து, பேப்பரை மிதிக்காமல் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இந்த நாலு வட்டமும்தான் அந்தத் தடமா?"

"ஆமாங்க. ஒண்ணையும் மூடலீங்க. எல்லாம் தெரியும்."

அருளம்மை தலையசைத்தார். தலைமாடு எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னார். கதவைத் திறந்தால் விரிப்பில் இடிக்காதா என்று கேட்டார். இடிக்காது என்று டேப்பை வைத்தே காட்டினார்.

"முப்பத்தோரு வருசத்துல இத்தனை கச்சிதமா ஒரு ரூமுக்கு நான் அளவு சொன்னதில்லீங்கம்மா. தப்பு இருந்தா சொல்லுங்க. இப்பவே மாத்தி எழுதிடறேன்."

கீழே வளைவில் பால் வண்டியின் ஹாரன் கேட்டது. அருளம்மை கடிதத்தை மடித்து, அவர் கையில் கொடுத்தார்.

"தப்பு ஒண்ணும் இல்லை ஐயா. ஒருத்தர் தனியாப் படுத்துக்க இதுதான் சரியான அளவு."

வண்டி வந்து நின்றது. டிரைவர் இறங்கி, தபால் இருக்கிறதா என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தார். சென்னியப்பன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பேப்பருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.